வேங்கைப் பலகையில் நான்கு துளைகள்

தூண்டில் கோலுக்குப் பிடி செய்து தரும் அந்தப் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மரத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவார்கள். பிடிக்காரருக்கு எரிச்சல் தொடங்குவதே அங்கேதான். ஒருவர் அப்பாவின் சாய்வு நாற்காலிக் கையை அறுத்துக்கொண்டு வருவார். இன்னொருவர் பழைய கதவின் தாழ்ப்பாள் கட்டையை மஞ்சள் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையை நீட்டுவதுபோல் நீட்டுவார். பிடிக்காரர் அதை வாங்கி, காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வாசற்படியிலேயே திருப்பி வைத்துவிடுவார்.

"உங்க பாசமெல்லாம் மீனுக்குத் தெரியாதுங்க. இது பூச்சி அரிச்ச கட்டை. ஓட்டை போட்டா ரெண்டா பிளந்துக்கும். வீட்டுல அடுப்பு இருந்தா அதுல வைங்க."

வந்தவர் முகம் சுருங்கிவிடும். பிடிக்காரர் அதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வாசலில் ஓர் அகலமான ஈயத் தொட்டியில் தண்ணீர் வைத்திருப்பார். கோல் கேட்டு வருகிறவர் அதில் கையை நனைக்க வேண்டும். ஈரக் கையோடு ஐந்தாறு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். எது வழுக்காமல் உள்ளங்கையில் உட்காருகிறதோ அதுதான் அவருக்கான மரம். பிறகு ஆணி நுனியால் விரல்களின் நீளத்தை ஒரு சட்டத்தில் குறித்துக்கொள்வார். ஆள் நேரில் வராமல் கோல் கிடையாது.

அன்று வியாழக்கிழமை மத்தியானம். மனைவியின் அண்ணனான மச்சான் ஒரு சாக்குமூட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, உள்ள வரலாமா? இல்ல, இங்கயே நின்னு திட்டு வாங்கிக்கட்டுமா?"

"மூட்டையில என்ன?"

"மரம்."

"யாரு கட்டிலு?"

"கட்டில் இல்ல மாப்ள, கம்பெனி. கோவப்படாம கேளுங்க." மச்சான் மூட்டையை இறக்கிவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம மேலாளர் இந்த மாசக் கடைசியில ஓய்வு பெறுறாரு. இருபத்தாறு வருஷம். ஆளுக்குத் தூண்டில்னா உசுரு. எல்லாரும் சேந்து ஒரு நல்ல கோல் கொடுக்கலாம்னு முடிவு. பிடி மட்டும் கம்பெனி மரத்துலயே இருக்கணும்னு பசங்களுக்கு ஆசை. ஸ்டோர்ல கிடந்ததை அறுத்து மூட்டை கட்டிக் கொடுத்தானுங்க. நான் சுமந்துக்கிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் பாவம்."

பிடிக்காரர் இடது கையை மேசையின் மேல் வைத்தார். அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. ஏழு வருடங்களுக்கு முன் அதே கதவு, ஜன்னல் கம்பெனியின் வட்ட ரம்பத்தில் போனவை. அதற்குப் பிறகு அங்கே அவருக்கு "எட்டு" என்று பெயர் வைத்தார்கள். விரல்களை எண்ணி வைத்த பெயர்.

"அந்த ஆளுக்கா? என் கையால?"

"வேற யாருக்கிட்ட போறது? நல்ல பிடின்னா நீங்கதானே."

விரல் போனதைவிட அதைப் பற்றி எழுதப்பட்ட மூன்று வரிதான் பிடிக்காரரை இன்றுவரை எரித்துக்கொண்டிருந்தது. ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி அன்று காலை தன் விருப்பப்படி கழற்றியதே விபத்துக்குக் காரணம் என்று மேலாளர் அறிக்கை எழுதியிருந்தார். அதைக் கண்ணால் கண்டதாக ஒரு சாட்சியும் உண்டு. சாட்சி யாரென்று கடைசிவரை சொல்லவில்லை. மூடி பல மாதமாகவே அங்கே இல்லை என்று பிடிக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தொண்டை கிழியச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் அன்னிக்கு லீவு மாப்ள, இல்லன்னா நானே சொல்லியிருப்பேன்" என்று மச்சான் அப்போது கண்கலங்கினார்.

அந்த மூன்று வரி இன்னும் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. தொழிற்பயிற்சிப் பள்ளியில் கடைசல் பயிற்றுநர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் "பாதுகாப்பு விதியை மீறியவர்" என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை ஒரு நல்ல எழுத்தர், அறிக்கை எழுதியவரோ சாட்சி சொன்னவரோ தன் சொல்லை எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பு வைத்து அனுப்பினார். பிடிக்காரர் மேலாளருக்கு நான்கு கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. மாதக் கடைசியில் ஆள் போய்விட்டால் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது?

அதனால்தான் மூட்டையைத் தெருவில் வீசாமல் விட்டார்.

"சரி. ஆனா என் முறை தெரியுமில்ல? சனிக்கிழமை காலையில அவரை இங்க கூட்டிட்டு வாங்க. கையை அளக்காம நான் பிடி செய்யறதில்ல."

மச்சானுக்கு நம்ப முடியவில்லை. "நிஜமாவா? சண்டை கிண்டை போட மாட்டீங்களே?"

"மரம்தான் பாக்கப் போறோம்."

வெள்ளிக்கிழமை காலை மூட்டையைப் பிரித்தார். மூன்று பலகைகள். முதலாவது தேக்கு, நல்ல மரம்தான், ஆனால் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. கோல் நுழைய நெடுக்குவாட்டில் துளை போடும்போது துரப்பணத்தைத் தள்ளிவிடும். இரண்டாவது ஏதோ பெட்டி மரம், எடையே இல்லை. கோலின் நுனி கனத்துக்கு எதிர்க்கனம் கொடுக்காத பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது நின்றால் மணிக்கட்டு கழன்றுவிடும். இரண்டையும் ஓரமாகத் தள்ளினார்.

மூன்றாவது வேங்கை. கையில் எடுத்ததுமே தெரிந்தது. நல்ல கனம், தட்டினால் தெளிவான சத்தம், பல வருடம் காய்ந்த மரம். மேல்பக்கம் மட்டும் பச்சைப் பெயிண்ட். மரத்தைக் குறை சொல்ல முடியாத கோபத்தோடு அதைப் பிடிகருவியில் இறுக்கி, சுரண்டும் தகட்டை எடுத்தார். இடது கையின் மிச்ச மூன்று விரல்களால் தகட்டின் ஓரத்தை அழுத்தி வலது கையால் இழுக்கும் பழக்கம் அவருக்கு இப்போது இயல்பாகிவிட்டிருந்தது.

பச்சைக்கு அடியில் சாம்பல் நிறம் வந்தது. அதற்கடியில் மரம். இன்னும் இரண்டு இழுப்பு. ஓரிடத்தில் சாம்பல் நிறம் பட்டென்று நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீள்சதுரம். அதற்குள் சாம்பல் பெயிண்டே இல்லை. வெறும் மரத்தின் மேல் நேரடியாகப் பச்சை. நான்கு மூலையிலும் நான்கு துளைகள். மக்கு வைத்து அடைத்திருந்தார்கள். ஊசியால் குத்தி மக்கை எடுத்தபோது துளையைச் சுற்றிக் கருநீல வளையம் தெரிந்தது. இரும்புத் திருகாணி வருடக்கணக்கில் இருந்து வேங்கையில் ஏறிய கறை.

பிடிக்காரர் தகட்டைக் கீழே வைத்தார். அவருக்கு இந்தப் பலகை தெரியும். ரம்ப மேசையின் பின்பக்கம், அறுக்கும் மரம் உரசாத ஓரம். மூடியைத் தாங்கும் இரும்புக் கையை இங்கேதான் ஒரு தகடு வைத்து முடுக்கியிருந்தார்கள்.

மனைவி காபியோடு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை அருகில் கொண்டுபோகாமல் நின்றாள்.

"என்னங்க? மரம் சரியில்லையா?"

"மரம் ரொம்ப நல்லா இருக்கு. இங்க வந்து பாரு. முன்னாடியெல்லாம் மேசைக்குச் சாம்பல் கலர்தான் அடிப்பாங்க. மூடி இருந்த வரைக்கும் தகட்டைச் சுத்தித்தான் அடிக்க முடியும். அதான் இந்த இடத்துல சாம்பல் இல்ல. சரியா?"

"சரி."

"பச்சை அடிச்சது ஒரே ஒரு தடவை. அந்த வருஷம் மார்ச் மாசம், பெரிய ஆய்வுக்காக. அந்தப் பச்சை தகடு இருந்த இடத்துலயும் இருக்கு, ஓட்டையை அடைச்ச மக்கு மேலயும் இருக்கு. அப்போ மார்ச் மாசமே மூடி கிடையாது. எனக்கு விரல் போனது எப்ப?"

"ஜூலை," என்றாள் அவள். நாள், கிழமை, மணி எல்லாமே அவளுக்குத் தெரியும். சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்த மார்ச்சுல பெயிண்ட் அடிச்சது எங்கண்ணன்தானே? பச்சையும் கையுமா இங்க வந்து சாப்பிட்டதே."

பிடிக்காரர் பலகையைத் துணியால் மூடினார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்பு, நல்ல உடம்பு. பின்னால் மச்சான், கல்யாண வீட்டுக்காரர்போல எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி.

"எப்படிப்பா இருக்கே? பேரு நல்லா எடுத்துட்டியே," என்றார் மேலாளர். "இந்தத் தொட்டியிலதான் கையை நனைக்கணுமாமே? ஜோசியக்காரன் மாதிரி இருக்கே."

"நனைங்க சார்."

நனைத்தார். பிடிக்காரர் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தார். மேலாளர் கொய்யா மரத்துண்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஈட்டி மரம் அழகாக இருக்கிறது, ஆனால் வழுக்குகிறது என்றார். மரம் தெரிந்த ஆள்தான். வேங்கைத் துண்டு ஒன்றைக் கொடுத்ததும் விரல்கள் தானாக மூடிக்கொண்டன.

"இதுதான்பா. உடும்பு மாதிரி பிடிக்குது."

"நானும் அதைத்தான் நினைச்சேன். கம்பெனியிலேர்ந்தும் வேங்கைதான் வந்திருக்கு. பாருங்க." பிடிக்காரர் பிடிகருவியின் மேல் கிடந்த துணியை எடுத்தார். "எந்த மரம்னு தெரியுதா?"

மேலாளர் குனிந்தார். "பழைய ரம்ப மேசை."

"அந்த நாலு ஓட்டை எதுக்குன்னு தெரியுதா?"

மேலாளர் நிமிர்ந்தார். மச்சானின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. முகத்தின் மற்ற இடமெல்லாம் காலியாகிவிட்டது.

முந்தின நாள் மனைவிக்குச் சொன்னதையே பிடிக்காரர் திரும்பச் சொன்னார். சாம்பல், தகடு, பச்சை, மார்ச், ஜூலை. குரல் உயரவில்லை. அந்த அமைதியைப் பார்த்து உள்ளே கதவோரம் நின்ற மனைவிக்குத்தான் பயமாக இருந்தது.

"பச்சையை அதுக்கப்புறம்கூட அடிச்சிருக்கலாமே," என்றார் மேலாளர்.

"விரல் போன மறுநாளே மேசையைத் தூக்கி ஸ்டோர்ல போட்டுட்டீங்க. ஸ்டோர்ல குப்பையா கிடக்கிற மேசைக்கு எவன் சார் பெயிண்ட் அடிப்பான்?"

மேலாளர் கைக்குட்டையை எடுத்து ஈரக் கையை விரல் விரலாகத் துடைத்தார். "இதுக்குத்தான் வரச் சொன்னியா? தம்பி, ஏழு வருஷக் கதை இது. நான் அந்த நேரத்துல அங்க இல்ல. சாட்சி சொன்னதை எழுதினேன். எழுதறது என் வேலை."

"அந்தச் சாட்சி யாரு?"

"அதை நான் சொல்லி என்ன பிரயோசனம்?" மேலாளர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கணக்குத் தீர்ந்த கடைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உங்க வீட்டு ஆளையே கேட்டுக்கோ. கையெழுத்து அவரோடது."

மச்சான் சுவரோரமாக ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மேலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனார். பிடிக்காரர் குறுக்கே போய் நின்று இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்க கையை அளந்தாச்சு. என் கையையும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. பேப்பர்லதானே பாத்திருப்பீங்க."

"வழியை விடு."

"கோல் கிடையாது. உங்க ஆளுங்கக்கிட்ட நானே சொல்றேன், ஏன் கிடையாதுன்னு. பலகையையும் எடுத்துட்டு வந்து காட்டுறேன். எல்லாம் மரம் அறுக்கறவங்க. ஓட்டையைப் பாத்தா அவங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல."

மேலாளரின் காது மடல்கள் சிவந்தன. பிடிக்காரரைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார். வாசல் தொட்டி காலில் இடறி, வெள்ளைக் கால்சட்டையில் பாதி நனைந்தது. திரும்பிப் பார்க்காமலே போனார்.

பிடிக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து மச்சானிடம் ஒரு முறைகூட மரியாதை குறையாமல் பேசிய வாய் அவருடையது.

"லீவுன்னு சொன்னியே."

"மாப்ள..."

"மூடியைக் கழட்டினது யாருடா?"

மச்சான் முக்காலியைத் தேடினார். அது கைக்கு எட்டவில்லை. "கனத்த சட்டம் அறுக்கற ஆர்டர் வந்துச்சு. மூடிக்கு அடியில சட்டம் நுழையல. அவருதான் கழட்டச் சொன்னாரு. நான் கழட்டினேன், மக்கு வச்சேன், பெயிண்ட் அடிச்சேன். ஆய்வுக்காரன் வந்தப்ப ரம்பத்து மேல ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வச்சோம். உங்களுக்கு இப்படி ஆகும்னு நான் கனவா கண்டேன்?"

"ஆனதுக்கப்புறம்?"

"கழட்டினவன் நீதான், கேஸ் ஆனா உள்ள போறதும் நீதான்னாரு. புள்ளைங்க சின்னதுங்க. பயந்துட்டேன்."

"எனக்குப் புள்ள இல்லையா?"

கதவோரத்திலிருந்து மனைவி வெளியே வந்தாள். "நாப்பது நாளு ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துட்டு வந்தியேண்ணே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங்கிட்டயாவது சொல்லத் தோணலையா? இவரு கழட்டலன்னு கத்தறாரு, நான் இவரையே திட்டினேனே. இவருதான் ஏதோ அவசரத்துல கழட்டியிருப்பாருன்னு எம் புருஷனை நானே சந்தேகப்பட்டேனே. பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தியே!"

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் சொட்டியது. பிடிக்காரருக்கு அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கொதித்தது. ஆஸ்பத்திரியிலும் இதே கண்ணீர்தான்.

"அழுகையை நிறுத்து. எழுதத் தெரியுமில்ல?"

மனைவி உள்ளே போய் மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்து வந்தாள். பேனாவை அண்ணன் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"மாப்ள, எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. அவரு போகட்டும். புது ஆளு வந்ததும் நானே போய்..."

"புது ஆளுக்கும் ஒரு தார்ப்பாய் வாங்கி வச்சிருக்கியா?"

மச்சான் எழுதினார். மரத்தூள் படிந்த மேசையில் தாள் வழுக்கிக்கொண்டே இருந்தது. முதல் தாளைப் பிடிக்காரர் வாங்கிப் படித்தார். மூடி மார்ச் மாதமே அங்கே இல்லை, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்று இருந்தது. இரண்டாகக் கிழித்தார்.

"உனக்கு ஏழு வருஷமும் நினைவு இருந்துச்சு. யாரு சொன்னாங்க, யாரு கழட்டினாங்க, யாரு பொய்க் கையெழுத்துப் போட்டாங்க. மூணும் இருக்கணும்."

இரண்டாவது தாளில் மேலாளர் பெயர் இருந்தது, கழற்றியவர் பெயர் இல்லை. அதையும் கிழித்தார். மூன்றாவது தாளை மச்சான் எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. இந்த முறை மனைவி வாங்கி, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'நான் கழற்றினேன்' என்ற இடத்தை இரண்டு முறை படித்தாள். பிடிக்காரர் தலையசைத்தார். மச்சான் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

கோபம் குறையும் என்று பிடிக்காரர் எதிர்பார்த்திருந்தார். குறையவில்லை. இத்தனை வருடமாக ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் இருந்த கோபம் இப்போது தன் வீட்டில் தினமும் உட்கார்ந்து எழுந்த ஆளின் மேல் வந்து இறங்கியிருந்தது. அது முன்னதைவிடக் கனமாக இருந்தது.

சுவரில் மணி பதினொன்றே முக்கால். பயிற்சிப் பள்ளி அலுவலகம் சனிக்கிழமை ஒரு மணி வரைதான்.

"கிளம்பு."

"எங்க?"

"அந்த எழுத்தர் முன்னாடி நின்னு, இது என் கையெழுத்துதான்னு நீ வாயால சொல்லணும். திங்கக்கிழமை வரைக்கும் உன் மனசு இப்படியே இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

மச்சான் தங்கையைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அவர் திரும்பிப் போனதே கிடையாது; எழுந்தால் அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். அவள் கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பிடிக்காரர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பலகையைப் பிடிகருவியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இருவரும் தெருவில் இறங்கினார்கள். வெயில் ஏறியிருந்தது. பத்தடி போவதற்குள் மச்சான் நடையைத் தளர்த்தி, வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்து நடக்கப் பார்த்தார்.

"முன்னாடி நட," என்றார் பிடிக்காரர்.